ராகு காலத்து இரும்பு

"உங்கள் இரும்பு வந்து சேர்ந்துவிட்டது" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காக எனக்குப் பதினான்கு வருஷமாகச் சம்பளம் தருகிறார்கள். தலை சுற்றுகிறது என்று கூப்பிடுகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, நகம் கரண்டி மாதிரி குழிந்துவிட்டது என்கிறவர்களுக்கும் அதேதான். திரையில் பெயருக்கு எதிரே பச்சைப் புள்ளி இருந்தால் இரும்பு போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். சேர்ந்தது ரத்தத்திலா கக்கூஸிலா என்பது எங்கள் கம்பெனியின் கவலை இல்லை.

என் பெயர் சென்னியப்பன். கோயம்புத்தூரில், நல்லயம் என்ற இரும்புச்சத்துக் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவில் இருக்கிறேன். குறை எதையும் தீர்த்ததாக நினைவில்லை. ஆனால் மூன்று அழைப்புக்குள் ஒரு புகாரை முடித்துவைக்கத் தெரியும். 'தீர்க்கப்பட்டது' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை அழுத்தினால் பேசிய பேச்சின் பதிவு அன்றைக்கே அழிந்துவிடும். புகாரும் போய்விடும், மனசாட்சிக்கும் சாட்சி இருக்காது.

பிரித்தளிப்புச் சட்டம் வந்து இருபது வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் ஜனங்கள் சத்தைச் சாப்பாட்டோடு சேர்த்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்கு எது எவ்வளவு போகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அரசாங்கத்துக்கு இது பெரிய மனக்குறையாக இருந்திருக்கிறது. அதனால் சாப்பாட்டிலிருந்து சத்தையெல்லாம் உருவி எடுத்துவிட்டு மாவையும் எண்ணெயையும் ருசியையும் மட்டும் விட்டுவைத்தார்கள். உருவியதைப் பன்னிரண்டாகப் பிரித்துப் பன்னிரண்டு கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தார்கள். ஒரு வயது முடிந்த ஒவ்வொருவரின் குடலிலும், இரைப்பையைத் தாண்டியதும் வருகிற முதல் வளைவில், பட்டாணி அளவில் ஒரு பெட்டி. பெட்டிக்குப் பன்னிரண்டு கதவுகள். இரும்புக்கு ஒன்று, சுண்ணாம்புச்சத்துக்கு ஒன்று, துத்தநாகத்துக்கு ஒன்று, செம்புக்கு ஒன்று, மற்றவை வைட்டமின்களுக்கும் இதர உப்புகளுக்கும். அந்தந்தக் கதவை அந்தந்தக் கம்பெனி தன் ஆபீஸில் இருந்தபடியே தினம் ஒருமுறை திறந்து மூடும்.

இப்போது ஒரு கட்டு முருங்கைக்கீரையை வீட்டில் வைத்திருந்தால் ஏழு உரிமங்களை ஒரே நேரத்தில் மீறிய குற்றம். என் பெரியப்பா மகன் ஒருத்தன் அகத்திக்கீரையோடு மாட்டிக்கொண்டு ஆறு மாசம் உள்ளே இருந்தான். மாட்டுக்கு வாங்கினது என்று சொல்லிப் பார்த்தான். மாடு எங்கே என்று கேட்டார்கள்.

பன்னிரண்டு கம்பெனிகளும் ஒன்றோடொன்று பேசக் கூடாது. எந்தக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது என்பது வியாபார ரகசியம். இரண்டு கம்பெனிகள் பேசிவைத்துக்கொண்டு நேரம் குறித்தால் அதற்குக் கூட்டுச் சதி என்று பெயர். சத்து ஆணையம் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். பன்னிரண்டு குறைதீர்ப்புப் பிரிவுகளும் அவிநாசி ரோட்டில் ஒரே கட்டடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் மாடிக்கு ஒரு தனி லிஃப்ட்.

ஆணையத்தின் கை நீளாத இடம் வாசலில் இருக்கும் டீக்கடை ஒன்றுதான். டீயில் உரிமம் எடுக்கிற அளவுக்குச் சத்து எதுவும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது இரும்பைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும் என்பது எங்கள் மாடியில் எல்லோருக்கும் தெரியும். சத்தைக் கொடுக்கத்தான் உரிமம் வேண்டும், கெடுக்க வேண்டாம். அந்தக் கடை பெஞ்சில் ஆறு வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பவர் பெனாசிர். ஐந்தாம் மாடி, வைட்டமின் சி கம்பெனி, அதுவும் வெளிநாட்டுக் கம்பெனி. இத்தனை வருஷத்தில் நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் வெயில், மழை, உக்கடம் பஸ்.

துளசிமணி கூப்பிட்டது ஒரு திங்கட்கிழமை.

"நல்லயம் கம்பெனிங்களா சார்? எனக்கு ரத்தம் ஆறு புள்ளி எட்டுல நிக்குதுங்க. ஏழாம் மாசம்ங்க. எட்டு வாரத்துக்குள்ள பத்தத் தாண்டலைன்னா பிரசவத்துல ஒடம்பு தாங்காதுன்னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க."

"அவங்களே ஊசி போடக் கூடாதுங்களா அம்மிணி?"

"இரும்பு ஊசிக்கு உங்க கம்பெனிதான் உரிமம் வெச்சிருக்குதாமா. நீங்க எழுதிக் குடுத்தா போடறேன்னாங்க."

நான் பெயரை அடித்துப் பார்த்தேன். பச்சைப் புள்ளி. பச்சைப் புள்ளி இருக்கிறவர்களுக்கு ஊசி எழுதிக் கொடுக்க முடியாது, ஏனென்றால் அவர்களுக்குத்தான் இரும்பு போய்ச் சேர்ந்துவிட்டதே. டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். ஆறு மாசமாக நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். பிறகு வழக்கமான வாக்கியத்தைச் சொன்னேன்.



"போன தடவயும் இதேதானுங்க சொன்னீங்க."

"யாரு சொன்னாங்க?"

"நீங்கதானுங்க. குரலு தெரியுதுங்களே."

பழைய புகார்களைத் திறந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே துளசிமணி மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். அப்போதும் கர்ப்பம். மூன்றாவது அழைப்போடு 'தீர்க்கப்பட்டது' என்று முடித்துவைத்தவனின் ஊழியர் எண்ணைப் பார்த்தேன். அது என் கழுத்தில் தொங்குகிற அட்டையில் இருக்கிற எண்.

"அந்தக் குழந்தை..." என்று ஆரம்பித்தேன்.

"நாலு நாள் இருந்துச்சுங்க" என்றாள். "குறை மாசத்துல பொறந்துச்சு. எனக்கும் ஏகப்பட்ட ரத்தம் போயி, நெனவில்லாம கெடந்தேன். மொகத்த ஒரு தடவதாங்க பார்த்தது."

அவள் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு அவமானமாக இருந்தது. பச்சைப் புள்ளியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. என் பேச்சுக்கு ஒரு பதிவும் மிச்சமில்லை என்று இத்தனை நாள் நிம்மதியாக இருந்திருக்கிறேன், இவள் காதில் பத்திரமாக இருந்திருக்கிறது.

"ரெண்டு வருஷத்துக்கு முந்திக் கேட்ட குரல எப்படிங்க ஞாபகம் வெச்சிருக்கீங்க?"

"என்ற வேலையே அதானுங்க" என்றாள். அரசூர்ப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் அவளுக்கு வேலை. வார்ப்பு ஆறி வந்ததும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல வார்ப்பு மணி மாதிரி பேசும், உள்ளே கீறல் இருந்தால் சட்டி மாதிரி பேசும். ஒரு நாளைக்கு எண்ணூறு வார்ப்பு. மூக்கிலும் வாயிலும் நாள் முழுக்க இரும்புத் தூசி, ரத்தத்தில் மட்டும் இரும்பு இல்லை. அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுங்களா? இந்தப் பொட்டி டிக்குன்னு சத்தம் போடுங்களா?"

"கதவு தொறக்கற சத்தமா? அது யாருக்கும் கேக்காதுங்க."

"எனக்குக் கேக்குதுங்க. மோட்டார்ல பேரிங் போச்சான்னு பாக்க ஸ்க்ரூடிரைவர காதுல வெச்சுக் கேப்பாங்கல்லங்க? அதே மாதிரி நீட்டுக் கம்பி ஒண்ண வயித்துல ஒரு முனை, காதுல ஒரு முனை வெச்சுட்டுப் படுத்துக்குவேன். ரெண்டு வாரமா லீவுல இருக்கறனுங்க, வேற என்ன வேல? புள்ளயோட நாடியும் கேக்கும். பொட்டி டிக்குங்கறதும் கேக்கும். நோட்டுல எழுதி வெச்சிருக்கறேன், படிக்கட்டுங்களா?"

படிக்கச் சொன்னேன்.

"தெனம் ஒரு நேரத்துல பதினொரு டிக்கு சடசடன்னு ஒண்ணா வருதுங்க, பட்டாசுச் சரம் மாதிரி. அந்த நேரம் நாளுக்கு நாள் மாறுது. அப்பறம் நாள் பூரா ஒண்ணுமில்ல. ஒரே ஒரு டிக்கு மட்டும் தனியா வருதுங்க. அது திங்கக்கெழம எட்டு மணிக்கு. செவ்வாக்கெழம மூணரைக்கு. புதங்கெழம பன்னெண்டரைக்கு. வியாழன் ரெண்டு மணி. வெள்ளி பதினொண்ணு. சனி ஒம்பதரை. ஞாயித்துக்கெழம சாயந்திரம் அஞ்சு."

அவள் படித்து முடிக்கும் முன்னாலேயே நான் சுவரைப் பார்த்துவிட்டேன். எங்கள் மாடியில் தொங்கும் தினசரிக் காலண்டர், எங்கள் கம்பெனியே அச்சடித்துக் கொடுத்தது. திங்கள் ஏழரை ஒன்பது. செவ்வாய் மூன்று நாலரை. ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தத் தனி டிக் வருவது ராகு காலத்தில். அந்தப் பதினொரு டிக்கின் நேரத்தையும் கேட்டு வாங்கிப் பொருத்தினேன், அவை சேர்ந்து வருவது தாளின் மேல் மூலையில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் நல்ல நேரத்தில்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருஷமாக ஆணையம் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கூட்டுச் சதியைத் தேடிக்கொண்டிருக்கிறது. சதியே இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் கதவை எப்போது திறப்பது என்று தனித்தனியாக, பரம ரகசியமாக, கதவைச் சாத்திக்கொண்டு யோசித்திருக்கிறது. யோசித்தவர்கள் எல்லோரும் கடைசியில் சுவரைப் பார்த்திருக்கிறார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. காலண்டர் ஒன்றுதான்.

"என்னங்ணா, சத்தத்தையே காணோம்?" என்றாள் துளசிமணி. சாரிலிருந்து அண்ணாவுக்கு எப்போது வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

"அம்மிணி, டவுன் பஸ் வந்து நிக்கும்போது பதினோரு பேரு ஒரே படியில ஏறப் பாத்தா என்னாகும்?"

"வாட்டசாட்டமா இருக்கறவன் ஏறிக்குவான்."

"அதான் நடக்குது. குடல்ல உள்ள போற வாசல் கொஞ்சம்தான். சுண்ணாம்புச்சத்து இரும்ப இடிச்சுத் தள்ளுது. துத்தநாகம் இரும்பையும் தள்ளுது, செம்பையும் தள்ளுது. தப்பிச்சு உள்ள போன இரும்பும் சும்மா ரத்தத்துக்குப் போயிராது. கெடங்குல இருந்து அத எடுத்துக் குடுக்கச் செம்பு வேணும், வைட்டமின் ஏ வேணும். ஒண்ணுக்கொண்ணு கை குடுத்தாத்தான் காரியம் ஆகும். தனியா இரும்பு மட்டும் எவ்வளவு அனுப்புனாலும் பச்சைப் புள்ளிதான் வரும், ரத்தம் வராது."

"இத ஏனுங்க போன தடவ சொல்லல?"

"தெரியாதுங்க" என்றேன். அது பாதி உண்மை. இவை ஒன்றுக்கொன்று எப்படி உதவும், எப்படி இடிக்கும் என்று வேலைக்குச் சேர்ந்தபோது பாடம் நடத்தினார்கள். அடுத்த கதவு எப்போது திறக்கிறது என்று மட்டும் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை.

"அந்தத் தனி டிக்கு யாருதுங்க?"

"அது எனக்குத் தெரியக் கூடாதுங்க."

"தெரியக் கூடாதது தெரிஞ்சா நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

"அது நான் நெனைக்கறதா இருந்தா ரொம்ப நல்லது. இரும்ப வாசல்ல கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போறதே அதுதான்."

மத்தியானம் டீக்கடை பெஞ்சில் பெனாசிர் வந்து உட்கார்ந்தார். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு, "இன்னிக்கு ராகு காலம் எப்பங்க?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியைக் கேட்டதற்காக எவனையும் உள்ளே தள்ள முடியாது.

பெனாசிர் டீயை ஒருமுறை ஊதிக்கொண்டார். "எங்களுக்கு ஏதுங்ணா ராகு காலம்? எங்கூட்டுல யாருக்கும் அது என்னன்னே தெரியாது." இன்னொரு வாய் குடித்தார். "ஆபீஸ்ல மட்டும் அது ஒண்ணத்தான் பாக்கறோம். அந்த நேரத்துல சிக்னல் லைன் வாடக சல்லிசு, யாருமே கேக்கறதில்லன்னு எங்க வெளிநாட்டுக்காரங்க மொத்தமா அள்ளிட்டாங்களாமா. அதுக்கு ஏன் யாரும் போட்டிக்கு வரலன்னு அவங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல."

"வெயில் ஜாஸ்தி" என்றேன்.

"ஆமாங்ணா, ரொம்ப" என்றார்.

ஆறு வருஷத்தில் நாங்கள் செய்த ஒரே குற்றம் அது.

ஆக, செய்ய வேண்டியது ஒன்றுதான். துளசிமணியின் இரும்புக் கதவை நல்ல நேரத்திலிருந்து பிடுங்கி ராகு காலத்தில் வைக்க வேண்டும். இடிக்க ஆளில்லாத நேரம், கைகொடுக்க சி இருக்கிற நேரம். ஆனால் எங்கள் திரையில் ராகு காலம் என்ற கட்டமே கிடையாது. நல்ல நேரம், கௌரி நல்ல நேரம், கடைசியில் 'இதர நேரம், காரணம் கூறுக.' சி என்ற எழுத்தைக் காரணத்தில் போட்டால் நானும் பெனாசிரும் அடுத்தடுத்த அறையில் களி தின்ன வேண்டியதுதான். 'மருத்துவக் காரணம்' என்று எழுதி, துளசிமணியின் சம்மதத்தைக் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள். "எங்க அத்தைதான் ஏதாவது நெனச்சுக்குவாங்க." அத்தை போனை வாங்கி, "எனக்கென்ன சாமி, நானெல்லாம் அதப் பாக்கறதில்ல. என்ற பையன்தான் மனசு சங்கடப்படுவான்" என்றார். பையன் வாங்கி, "நம்மளுக்கு அதுலெல்லாம் நம்பிக்க இல்லீங்க. பெரியவங்க இருக்கறாங்கல்ல" என்றான். கடைசியில் மூவரும் சம்மதித்தார்கள், ஆளுக்கு இன்னொருவர் மேல் பழியைப் போட்டுவிட்டு.

எங்கள் மேனேஜர் கிருபானந்தம் மறுநாளே கூப்பிட்டனுப்பினார். மேஜையில் மூளையின் பிளாஸ்டிக் பொம்மை ஒன்றை வைத்திருப்பவர். அறிவியல் மனப்பான்மை பற்றி மாதாமாதம் எங்களுக்கு வகுப்பு எடுப்பார்.

"சென்னியப்பன், என்ன இது? கர்ப்பிணிக்கு ராகு காலத்துல இரும்பா?"

"கஸ்டமரே கேக்கறாங்க சார். ரத்தம் ஏற மாட்டேங்குது."

"இரும்பு டெலிவரி?"

"நூறு சதவீதம்."

"அப்பறம் நமக்கென்ன? இதப் பாருங்க, எனக்கு இதுலெல்லாம் துளிகூட நம்பிக்கை இல்ல. ஆனா கஸ்டமருக்கு இருக்கும்ல? நல்லயம் ராகு காலத்துல தொறக்குதுன்னு வெளிய தெரிஞ்சா பேரு என்னாகறது? நாளைக்கு அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா, ராகு காலத்துல குடுத்ததாலதான்னு சொல்ல மாட்டாங்களா?"

"இப்ப குடுக்கறதாலதான் சார் ஏதாவது ஆகப்போகுது. போன தடவ ஆச்சு."

"அது நல்ல நேரத்துல ஆனது. அதுக்கு நம்மள யாரும் கேக்க முடியாது" என்றார் கிருபானந்தம். சிவப்புப் பேனாவில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினார். கம்ப்யூட்டர் காலத்தில் சிவப்புப் பேனா வைத்திருப்பது அவருடைய தனிப் பெருமை.

இரண்டு வாரம் போனது. இன்னும் இரண்டு முறை மனுப்போட்டேன், இரண்டு முறையும் சிவப்பு. துளசிமணிக்கு ஆறு புள்ளி ஐந்து. நானே யாருக்கும் தெரியாமல் கீரை வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று சிங்காநல்லூரில் ஒரு சந்துவரைக்கும் போய் நின்று, பயந்து திரும்பி வந்தேன். எனக்குத் தைரியம் கிடையாது. இருந்திருந்தால் பதினான்கு வருஷம் இந்த வேலையில் இருந்திருக்க மாட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எப்போது பேசலாம் என்று துளசிமணியிடம் கேட்டேன்.

"மூணு மணிக்கு மேல வேண்டாங்ணா. செவ்வாக்கெழமயில ராகு காலத்துல துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்குப் போடப் போவனுங்க. அத்தைதான் வேண்டிக்கிட்டாங்க, புள்ள நல்லபடியா பொறக்கோணும்னு."

எலுமிச்சம்பழம் கோயிலுக்கு மட்டும் அனுமதி. அதுவும் முழுப் பழம் இல்லை. சாற்றை ஆணையம் பிழிந்து எடுத்துக்கொள்ளும், முத்திரை குத்திய மூடிகள் மட்டும் கோயில் வாசலுக்கு வரும். மூடியைத் திருப்பி, எண்ணெய் ஊற்றி, திரி போட்டு ஏற்றுவார்கள். உயிர்ச்சத்து போன தோலை வைத்துக்கொண்டு உயிரை வேண்டிக்கொள்வார்கள். இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பொறி தட்டியது. ராகு காலம் எல்லாக் காரியத்துக்கும் ஆகாதுதான். துர்க்கைக்கு ஆகும்.

நான்காவது மனுவில் மருத்துவம் என்ற வார்த்தையையே எடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில் இப்படி எழுதினேன்: 'வேண்டுதல். சுகப்பிரசவம் ஆகும்வரை ராகு காலத்தில் மட்டுமே இரும்பு எடுத்துக்கொள்வதாகக் குடும்பத்தார் துர்க்கையம்மனிடம் நேர்ந்துகொண்டிருக்கிறார்கள்.'

ஏழு நிமிஷத்தில் திரும்பி வந்தது. பச்சைப் பேனா. பக்கத்தில் கிருபானந்தம் தன் கைப்பட எழுதியிருந்தார்: 'அனுமதிக்கலாம். தாமதம் கூடாது. வாடிக்கையாளர் உணர்வை மதிக்கவும்.' போகிற போக்கில் என் மேஜையருகே நின்று, "இதெல்லாம் மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே? எங்க வீட்டுக்காரியும் செவ்வாக்கிழமை விளக்குப் போடறவதான்" என்றார். அவருக்கு நம்பிக்கை இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

புதன்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்குத் துளசிமணி கூப்பிட்டாள். கம்பி காதில்தான் இருந்திருக்க வேண்டும், மெதுவாகப் பேசினாள்.

"ரெண்டு டிக்குங்ணா. ஒண்ணு பின்னால ஒண்ணு. ஜோடி போட்டுட்டு வருதுங்க."

எழுந்து காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து மேஜையில் வைத்தேன். 

ரத்தம் உடனே ஏறிவிடாது. முதல் வாரம் அசையவே இல்லை. அப்புறம் ஏழு, எட்டே கால், ஒன்பது புள்ளி நாலு. ஒவ்வொரு வாரமும் அவள் எண்ணைச் சொல்வாள், நான் காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதிவைப்பேன். கடைசி வாரம் பத்து புள்ளி இரண்டு. பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. பிறந்த ஐந்தாம் நாள் அவளே கூப்பிட்டாள். "அஞ்சாவது நாளுங்ணா" என்றாள். காலண்டர் தாளில், பத்து புள்ளி இரண்டுக்குக் கீழே, ஐந்து என்று எழுதினேன். 

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குச் சந்தோஷம். ஆனால் கிருபானந்தம் எண்களைப் பார்க்கிறவர். எங்கள் கம்பெனி வரலாற்றில் எட்டு வாரத்துக்குள் ரத்தம் இவ்வளவு ஏறிய ஒரே கர்ப்பிணி துளசிமணிதான் என்று கண்டுபிடித்தார். ஏன் என்று கேட்கவில்லை. எப்போது என்று மட்டும் பார்த்தார். ஒரு மாசத்தில் பஸ் ஸ்டாண்டெல்லாம் போஸ்டர்: 'நல்லயம் துர்க்கை ஸ்பெஷல். ராகு கால இரும்பு. அம்மன் அருளோடு.' பத்து லட்சம் பேர் மாறினார்கள். நிஜமாகவே ரத்தமும் ஏறியது. கிருபானந்தத்துக்கு விருது கொடுத்தார்கள். நம் மண்ணின் அறிவியல் என்று ஒரு மணி நேரம் பேசினார்.

சுண்ணாம்புச்சத்துக் கம்பெனி போஸ்டரைப் பார்த்தது. துத்தநாகக் கம்பெனி பார்த்தது. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு பரம ரகசியமாக யோசித்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை.

ஏழு மாசம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்குத் துளசிமணியின் எண் திரையில் வந்தது. 'இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது' என்ற குரல் முடிந்ததும், "அண்ணா, ரெண்டு வாரமா மறுபடியும் தல சுத்துதுங்க" என்றாள். "கம்பி வெச்சுப் பாத்தேன். ராகு காலத்துல பதினொரு டிக்கு. சரவெடி."

"தனியா ஒண்ணு வருதா?"

"வருதுங்க. நல்ல நேரத்துல. ஒண்ணே ஒண்ணு."

பெனாசிரின் வெளிநாட்டுக்காரர்கள்தான். ராகு காலத்துக்குத் திடீரென்று அடிதடியானதும், யாரும் சீந்தாமல் கிடந்த நல்ல நேரத்தை மொத்தமாக அள்ளியிருக்கிறார்கள். இதற்கும் அவர்களுக்குக் காரணம் புரிந்திருக்காது. அவளை லைனில் இருக்கச் சொல்லிவிட்டு மனுவை அப்போதே அடித்து அனுப்பினேன். துளசிமணியின் இரும்பை நல்ல நேரத்துக்கு மாற்றக் கோரி. மூன்று நிமிஷத்தில் சிவப்பு. 'துர்க்கை ஸ்பெஷலை விட்டு நல்ல நேரத்துக்கா? வாடிக்கையாளர் என்ன நினைப்பார்?'

"இன்னும் ரெண்டு மூணு தடவ எழுதிப் பாக்கறேன் அம்மிணி. ஏதாவது ஒரு சாமி கெடைக்காமயா போயிரும்?" என்றேன். "பாப்பா எப்படி இருக்கறா?"

"அவளுக்கென்னங்க, குண்டுக் கத்திரிக்கா மாதிரி இருக்கறா. ரத்தம் பன்னெண்டுங்க! டாக்டரம்மாவே அதிசயப்பட்டாங்க. எப்படீன்னு எனக்கும் புரியாம, அவ வயித்துலயும் கம்பி வெச்சுக் கேட்டனுங்க. ஒரு டிக்குகூட இல்ல. பொட்டிதான் இன்னும் வெக்கலையே, ஒரு வயசுக்கு அப்பறந்தான வெப்பாங்க. ஆசுபத்திரியில குடுத்த பன்னெண்டு புட்டி சொட்டு மருந்தும் அவளுக்கு ஆகறதில்ல, துப்பிப்போடறா. மாவு கரைச்சுக் குடுத்தாலும் வேண்டாம்கறா."

"அப்பறம் எல்லாச் சத்தும் எப்படிப் போகுது? யாரு குடுக்கறா?"

"நாந்தானுங்க."

"எத்தன மணிக்கு?"

"மணி ஏதுங்ணா? அழுதாக் குடுக்கறது. நல்ல நேரமாவது, ராகு காலமாவது. இரும்பு, சுண்ணாம்பு, அது இதுன்னு டாக்டரம்மா பேர் பேராச் சொன்னாங்க, எல்லாம் ஒண்ணாத்தான் போகுதாமா. ஒண்ண ஒண்ணு இடிக்கறதே இல்லியாமா. பால்ல இருக்கற இரும்பு கொஞ்சந்தானாமா, ஆனா பாதிக்குப் பாதி ஒட்டிக்குதாமா. ஊருக்குள்ள புள்ள பெத்த எல்லாத்துக்கும் நான் இதைத்தான் சொல்லப்போறேன். எங்க தெருவுல மட்டும் நாலு பேரு..."

 பன்னிரண்டு உரிமங்கள், ஒரே நேரத்தில், முன் அனுமதி இல்லாமல், கேட்ட போதெல்லாம். சட்டத்தை எழுதியவர்கள் மறந்துபோன ஒரே இடம் இதுதான். மறந்துபோனதை யாராவது ஞாபகப்படுத்துகிற வரைக்கும்தான் அது மறந்துபோனது. திரையின் ஓரத்தில் பதிவாகிக்கொண்டிருப்பதற்கான சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அவளுடைய முந்தைய அழைப்புகளை அன்றன்றைக்கே முடித்துவிட்டேன், இது இன்னும் திறந்திருந்தது. புகார் திறந்திருக்கும்வரை பதிவு இருக்கும். மாசக் கடைசியில் ஆணையத்துக்குப் போகும்.

"அம்மிணி" என்றேன். "இத யாருகிட்டயும் போன்ல சொல்லாதீங்க. தெருவுல சொல்லுங்க, கொழாயடியில சொல்லுங்க, கோயில்ல சொல்லுங்க. போன்ல வேண்டாம். இப்ப போன வெச்சிருங்க. உங்க இரும்புக்கு நாளைக்குப் புதுசா ஒரு புகார் குடுங்க, இத இப்பவே முடிச்சாகோணும்."

"ஏனுங்ணா?"

பின்னால் குழந்தை வீரிட்டு அழுகிற சத்தம் கேட்டது. சுவரில் காலண்டரைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பத்தரை. ராகு காலம் ஆரம்பித்திருந்தது.

"பாப்பா அழுகறா பாருங்க" என்றேன். "போய்க் குடுங்க."

அவள் வைத்தாள். நான் 'தீர்க்கப்பட்டது' என்ற கட்டத்தை அழுத்தினேன்.